ட்ரெபிள் என் பொறுப்பு

எங்கள் பாட்டுக் குழுவில் ஐந்து பேர். குழுவின் சாமான்களும் ஐந்து வீடுகளில் பிரிந்து கிடக்கின்றன. எந்த ஒரு வீட்டிலும் முழுதாக ஒரு பாட்டைப் பாடிக் காட்ட முடியாது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் நாங்கள் தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறோம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் உடைந்துபோன ஆர்கெஸ்ட்ராக்களை எல்லாம் பார்த்துவிட்டோம், எல்லாவற்றிலும் ஒரே கதைதான். செட்டு யார் வீட்டில் இருக்கிறதோ அவர் கொஞ்சம் கொஞ்சமாக முதலாளி ஆகிவிடுவார், மற்றவர்கள் கூலிக்குப் பாடுகிறவர்கள் ஆகிவிடுவார்கள். அதனால் சேர்ந்து வாங்கினோம், பிரித்து வைத்துக்கொண்டோம்.

ஸ்பீக்கர்கள் ஆம்பூரில் பாய் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. பாய் கிதார் வாசிப்பவர், பகலில் தோல் கம்பெனி ஒன்றின் ஆபீசில் உட்காருகிறவர். மண்டபக்காரர்களிடம் பேசிக் கல்யாண வரவேற்பு நிகழ்ச்சிகள் பிடிப்பதும் அவர்தான். வயர்களும் ஸ்டாண்டுகளும் வாத்தியார் வீட்டில். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர், எங்கள் குழுவின் ஆண் குரல். கீபோர்டு, கீபோர்டுத் தம்பியிடம். சர்ச்சில் வாசித்துப் பழகிய கை, தாளத்தையும் அதிலேயே போட்டுவிடும். தம்பிக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது, இருந்தாலும் எங்கள் எல்லோருக்கும் தம்பிதான். மைக்குகள் என்னிடம். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் மைக்கின் பஞ்சுகளைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைப்பது என் வேலை. வாத்தியார் உருகிப் பாடினால் மைக்குக்கு மழைக்காலம். அவர் பஞ்சை மட்டும் தனியாக அலசுவேன்.

மிக்சரும் ஆம்ப்ளிஃபையரும் குடியாத்தத்தில் தறிக்கார அண்ணன் வீட்டில் இருக்கின்றன. அண்ணனுக்குச் சொந்தமாக விசைத்தறி உண்டு, லுங்கி நெய்கிற குடும்பம். அவர் பாடமாட்டார், எதையும் வாசிக்கமாட்டார். மிக்சர் முன்னால் நிற்பதுதான் அவருக்குப் பாட்டு. நிகழ்ச்சி நாளன்று மத்தியானமே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு குட்டி யானை வண்டியில் வந்து இறங்குவார். மாப்பிள்ளைக்கே அத்தனை முகக்களை இருக்காது. மிக்சரைத் தங்கள் தறியில் நெய்த புது லுங்கியில் சுற்றித்தான் எடுத்து வருவார்.

எங்களுக்குள் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. யார் வீட்டில் எந்தச் சாமானோ, அதில் அவர் கை மட்டும்தான் படவேண்டும். வயர் சிக்கினாலும் வாத்தியார்தான் பிரிக்கவேண்டும், நாம் குனியக்கூடாது. ஒரு சாமான் கெட்டால் 'நீ தொட்டாயா, நான் தொட்டேனா' என்ற சண்டையே வராது. நல்ல கட்டுப்பாடுதான். பல வருடம் அதனால் நிம்மதியாக இருந்தோம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நான் ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். பகலெல்லாம் அடுத்தவர் தையலில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கத்தைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடிவதில்லை. கோபமும் எனக்கு மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். குழுவில் எல்லோருக்கும் இது தெரியும், பொறுத்துக்கொள்கிறார்கள். நன்றாகப் பாடுகிறேன் என்பதால் இருக்கலாம்.

போன வருடம் வரை அண்ணன் மேடை ஓரத்தில், எங்கள் பக்கம் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தார். சவுண்டு குறை சொல்ல முடியாதபடி இருந்தது. பாய்தான் கெடுத்தார். அவருக்கு ராத்திரி தூக்கம் வராவிட்டால் போனில் வீடியோ பார்க்கும் வழக்கம். பெரிய கச்சேரிகளில் எல்லாம் மிக்சரை ஜனங்களுக்குப் பின்னால், மேடைக்கு நேரெதிரே வைக்கிறார்கள், அங்கே நின்றால்தான் ஜனங்கள் கேட்பது நமக்கும் கேட்கும் என்று படித்துப் படித்துச் சொன்னார். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. அண்ணனுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. வேலூர் லாங் பஜாரில் கைவண்டிகளுக்கு நடுவே இடிபட்டு, ஒரு நீண்ட கட்டு வயர் வாங்கி வந்தோம். வாத்தியார் அதைப் பாம்பைத் தூக்குவதுபோல் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. மிக்சர் கூடத்தின் பின்பக்கம் போனதிலிருந்து ட்ரெபிள் என்கிற மேல்சுருதிச் சத்தம் ஏறி, சவுண்டு கூராகிவிட்டது. என் குரல் எனக்கே தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி கேட்டது. கீபோர்டில் ஜால்ரா சத்தம் வந்தால் முன்வரிசைப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். நடுநடுவே மெல்லிசாக 'கீ' என்று ஒரு விசில் கிளம்பும், குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளும். அண்ணனைப் பார்த்தால் தூரத்தில் சாமி மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பார்.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் நான் போய்ச் சொல்வேன்.

"அண்ணா, ட்ரெபிள் ஜாஸ்தியா இருக்குது. காது கிழியுது."

"எல்லாம் கரெக்டாத்தான் வெச்சிருக்கேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

பாடுகிறவளைப் பார்த்து இந்தப் பழமொழியைச் சொன்னால் எப்படி இருக்கும்? நான் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. கை நீட்டி மிக்சரின் ட்ரெபிள் திருகைக் குறைத்துவிடலாம், ஆனால் கட்டுப்பாடு இருக்கிறதே. பின்பக்கம் போனதும் அண்ணனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மற்றவர்களும் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அப்படித்தான் நினைத்தார்கள்.

கடைசியில் மண்டப முதலாளி வாயைத் திறந்தார். ஆம்பூர் ஹைவே ஓரம் இருக்கும் அந்த மண்டபத்தின் வரவேற்புகள்தான் எங்கள் குழுவுக்கு முதுகெலும்பு. அவர் பாயைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்: "பாட்டு நல்லாத்தான் இருக்குது பாய். சவுண்டுதான் பேஜார். மிக்சர்ல நிக்கிற ஆளை மாத்துங்க, இல்லன்னா நான் வேற குழு பாத்துக்கறேன்."

பாய் அண்ணனை விட்டுவிட்டு எங்கள் மூன்று பேரிடம் மட்டும் வந்து சொன்னார். அண்ணனை மிக்சரிலிருந்து எடுத்தால் அவர் என்ன செய்வார்? பாடத் தெரியாது, வாசிக்கத் தெரியாது. குழுவில் அவருக்கு வேறு இடமே கிடையாது. எடுக்காவிட்டால் மண்டபம் போய்விடும். "யார் போய்ச் சொல்றது?" என்றார் வாத்தியார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய் நீளம் என்று பேர் எடுத்தவளுக்குக் கிடைக்கிற மரியாதை இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிராக்டிஸ் என்று சொல்லிக்கொண்டு குடியாத்தம் போனோம். வாத்தியாருக்குப் பரீட்சைத்தாள் திருத்தும் வேலை வந்துவிட்டது. பெரிய வேலைகள் வரும்போதெல்லாம் அவருக்குப் பரீட்சைத்தாள் வந்துவிடும். நானும் பாயும் முன்னால் போக, கீபோர்டுத் தம்பி சர்ச் முடிந்து கீபோர்டோடு பின்னால் வந்து சேர்ந்தான்.

ஆர்டர் முடிக்கவேண்டும் என்று அன்றும் தறி ஓடிக்கொண்டிருந்தது. விசைத்தறிக் கொட்டகைக்குள் நான் அதுவரை நுழைந்ததில்லை. சத்தம் காதில் மட்டும் இல்லை, பல்லிலும் நெஞ்சுக்கூட்டிலும் இடித்தது. பக்கத்தில் நிற்கும் பாய் பேசுவதே எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் கொட்டகையின் அந்தக் கோடியில், தறிகளுக்கு அப்பால் நின்றுகொண்டு கையைத் தூக்கி, கொஞ்சம் இருங்கள் என்று காட்டினார்.

எனக்கு எரிச்சல். பாயின் காதருகே போய்ச் சொன்னேன்: "இவர்கிட்ட இன்னா சொல்லி இன்னா பிரயோஜனம்? செவிடன் காதுல ஊதுன சங்குதான்."

அந்தக் கோடியிலிருந்து அண்ணன் என்னை முறைத்தார். தறிகளுக்கு நடுவே வந்து, என் முன்னால் நின்று, "யாரு செவிடன்?" என்று கேட்டார். அதாவது, சத்தமே போடாமல் வாயை மட்டும் அசைத்துக் கேட்டார். எனக்கே அது புரிந்தது.

பாய்க்குக்கூடப் பாதிதான் கேட்டிருந்த பேச்சு அது. அதற்குள் அண்ணி வாசல் பக்கமிருந்து எதையோ உதட்டில் சொன்னார்கள், அண்ணன் உதட்டிலேயே பதில் சொன்னார். தறியில் நிற்கும் ஒரு அம்மா இரண்டு விரலைச் சேர்த்துக் கிள்ளிக் காட்டினார், நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தமாம், அண்ணன் போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்தார். அந்தக் கொட்டகையில் யாரும் யாரோடும் கத்திப் பேசவில்லை. எல்லோரும் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள். கல்யாணமாகி வந்த மறுவாரமே தனக்கும் பழகிவிட்டது என்று அண்ணி பிறகு சொன்னார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்குத் தறிகளை நிறுத்தினார்கள். திடீரென்று வந்த அமைதியில், ஒன்று மனதில் பளிச்சென்று பட்டது. மேடை ஓரத்தில் நின்ற காலத்தில் அண்ணன் மிக்சரைப் பார்த்ததே இல்லை. எங்கள் முகங்களைத்தான் பார்ப்பார். யாராவது முகம் சுளித்தால் அவர் கை திருகுக்குப் போய்விடும். இப்போதோ கூடத்தின் பின்பக்கம் நிற்கிறார். அவருக்கு ஜனங்களின் பின்னந்தலைதான் தெரியும், நாங்கள் தூரத்தில் பொம்மை மாதிரி தெரிவோம். போன வாரம் அந்த விசில் கிளம்பியபோது கூடமே நெளிந்தது, அவர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டு நின்றார்.

மனதில் பட்டதை மனதிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. "அண்ணா, உங்களுக்கு அந்த விசில் சத்தம் கேக்குதா இல்லியா?" என்றேன்.

"எந்த விசிலு?"

"அதான் கேக்கறேன்."

"என் காதுக்கு இன்னா கொறச்சல்? நீ பேசறது கேக்கலியா இப்போ?"

கீபோர்டுத் தம்பிதான் சண்டையை விலக்குகிற மாதிரி, "அண்ணே, சும்மா ஒரு டெஸ்ட்" என்று கீபோர்டைத் திண்டுபோல் அடுக்கியிருந்த லுங்கிக் கட்டுகளின் மேல் வைத்தான். அடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு போவான், கேட்டால் அண்ணன் கை தூக்கவேண்டும். அண்ணன் வீம்பாக எதிரே உட்கார்ந்தார். அடிக்கட்டைகளுக்கெல்லாம் கை தூக்கினார். நடுக்கட்டைகளுக்கும் தூக்கினார். தம்பி ஸ்தாயியை ஏற்றும் பட்டனைத் தட்டி இன்னும் மேலே போனான், ஊசி மாதிரி சத்தம், அதற்கும் தூக்கினார்.

"பாத்தியா?" என்று என்னைப் பார்த்தார்.

பாய் அப்போது ஒரு குறும்பு செய்தார். தம்பிக்குக் கண்ணைக் காட்டினார். தம்பி சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டு, மேல்கோடிக் கட்டையை வெறுமனே அழுத்தினான். பாய் காதில் ஊசி குத்தினதுபோல் முகத்தைச் சுளித்தார். அண்ணன் கை தூக்கினார்.

நான் சிரித்துவிட்டேன். பாயும் சிரித்தார். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, நான் சத்தமே வைக்கல" என்றான்.

எங்கள் சிரிப்பு நின்றது. அண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு தானே எழுந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "இப்போ அடி" என்றார்.

தம்பி மறுபடி அடியிலிருந்து வந்தான். கை எழுந்தது, எழுந்தது, எழுந்துகொண்டே வந்தது. மேலே போகப் போகத் தயங்கியது. கடைசிக் கட்டைகளில் அந்தக் கை தொடையின் மேல் அப்படியே கிடந்தது. தம்பி அதே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தினான். எனக்குக் காது வலித்தது. அண்ணன் சுவரைப் பார்த்தபடி, "ஏம்பா நிறுத்திட்ட? அடி" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசலில் நின்றிருந்த அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். "குக்கர் விசில் வந்தா நிறுத்துங்கன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போவேன். வந்து பாத்தா சோறு களியாயிருக்கும். வேணும்னே பண்றார்னு திட்டிக்கினே இருந்தனே" என்றார்கள்.

அண்ணன் எழுந்து வீட்டுக்குள் போனார். லுங்கியில் சுற்றிய மிக்சரைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். நாங்கள் எதற்காக வந்தோம் என்பது அவருக்கு எப்போதோ புரிந்திருக்கிறது. கொட்டகைக்குள் நுழைந்ததும் எங்கள் வாயிலிருந்தே படித்திருப்பார்.

"எடுத்துக்கினு போங்க. யார் வேணும்னாலும் நில்லுங்க. நல்லா இருந்தா சரி" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்மேல் இல்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை. "எனக்கு இன்னாத்துக்கு இது? எனக்கு இருக்கற மைக்கைக் கழுவவே நேரமில்ல. இதுல எந்தத் திருகு எதுக்குன்னே எனக்குத் தெரியாது" என்று கத்தினேன். "அடிச் சத்தம், பேஸ், கேக்குதா உங்களுக்கு? கேக்குது. குரல் கேக்குதா? கேக்குது. வாத்தியார் சுருதி விட்டா மொதல்ல கண்டுபிடிக்கறது யாரு? நீங்கதான். கேக்காதது அந்த ஒண்ணே ஒண்ணு. அத நான் பாத்துக்கறேன். ட்ரெபிள் என் பொறுப்பு."

"கட்டுப்பாடு?" என்றார் பாய்.

"நான் எங்க கை வெக்கறேன்? நான் சொல்றேன், அவர் திருப்பறாரு."

பாய் யோசித்தார். "எப்படிச் சொல்லுவே? பாடிக்கினு இருக்கறப்போ?"

அதற்கு அண்ணியே பதில் சொன்னார்கள். எதுவும் பேசாமல் இரண்டு விரலைச் சேர்த்துக் கிள்ளிக் காட்டினார்கள்.

அடுத்த வாரமே அண்ணி அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். போன செவித்திறன் திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். இப்போது கொட்டகையில் எல்லோரும் காதில் அடைப்பான் வைத்துக்கொள்கிறார்கள். அண்ணன் முதலில் முரண்டு பிடித்தார். அண்ணி குக்கர் கதையை ஊரெல்லாம் சொல்லப்போவதாக மிரட்டியபிறகு வைத்துக்கொண்டார்.

மண்டப முதலாளியிடம் பாய் ஒரே ஒரு வரவேற்பு கேட்டு வாங்கினார். அன்று சரியாக வராவிட்டால் நாங்களே விலகிக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஆளை மாற்றினோமா இல்லையா என்பதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

மிக்சரை மேடைக்குக் கீழே, முன்வரிசைக்கு ஓரமாக, என் முகம் நேராகத் தெரிகிற இடத்தில் வைத்தோம். பாயின் வீடியோக்காரர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அண்ணன் வழக்கம்போல் வெள்ளைச் சட்டையில்தான் வந்தார், ஆனால் முகத்தில் களை இல்லை. அந்த நீண்ட வயரை வாத்தியார் தன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

முதல் பாட்டு பாதிகூட ஆகவில்லை, மெல்லிசாக அந்த விசில் தலைகாட்டியது. நான் பாடிக்கொண்டே இடது கையில் கிள்ளிக் காட்டினேன். அண்ணன் கை அசைந்தது, விசில் செத்தது. ஜனங்களுக்குத் தெரிந்திருக்காது. பாடகி ஏதோ பாவம் காட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நாலாவது பாட்டுக்குள் எனக்கு அது பழகிவிட்டது. சரணத்துக்கு நடுவே இசை வரும்போது நான் உதட்டில் மட்டும் 'ஜால்ரா கம்மி' என்பேன், அவர் குறைப்பார். ஒருமுறை அவர் உதட்டில், 'வாத்தியாரைத் தள்ளி நிக்கச் சொல்லு, மைக்கத் தின்றாரு' என்றார். எனக்குச் சிரிப்பு வந்து ஒரு வரியை விட்டுவிட்டேன். வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது.

பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது முதலாளி வந்து பாயின் தோளில் கை போட்டார். "இப்பத்தான் கேக்கற மாதிரி இருக்குது. ஆளை மாத்திட்டீங்க போல."

பாய்க்குப் பொய் சொல்ல வராது. "அதே ஆளுதான். நிக்கற இடத்தைத்தான் மாத்தினோம்" என்றார்.

முதலாளி அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ அங்கயே நிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதத்துக்கு இன்னொரு வரவேற்பையும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் கொஞ்ச தூரத்தில் நின்றார். யாரும் போய்ச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாமான் எடுத்துவைக்கும்போது ஆளாளுக்கு அவரிடம் போய், "சூப்பர்ணே", "அசத்திட்டீங்க" என்றார்கள். எல்லோருக்கும் தலையாட்டினார். பிறகு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"எல்லாரும் நல்லா இருக்குதுன்றாங்க. நீ சொல்லு. கடசிப் பாட்டுல நீ கண்ண மூடிக்கினு பாடிட்ட, என்னப் பாக்கவே இல்ல. ஜால்ரா எப்படி இருந்துச்சு?"

அத்தனை பேர் வந்து பாராட்டிவிட்டுப் போன மனிதர். நல்ல நாள், நிறைந்த வயிறு. நல்லா இருந்துச்சு என்று நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஜாஸ்தியா இருந்துச்சுண்ணா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்த மாதிரி நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. "நெனச்சேன். உன்னப் பாக்க முடியல. சின்ன வயசுல கேட்டத நெனப்புல வெச்சிக்கினுதான் போட்டேன்" என்றார்.

கரண்ட் இணைப்பை எடுத்தாகிவிட்டது, ஸ்பீக்கர்கள் வண்டியில் ஏறிவிட்டன. எந்தச் சத்தமும் வராத அந்த மிக்சரில் ட்ரெபிள் திருகைப் பிடித்து இடது பக்கமாக ஒரு மயிரிழை திருப்பினார். என் உதட்டைப் பார்த்தபடி, "இங்கயா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.